சாய்ந்த ட்யூபில் எறும்பு

அன்வருதீன் பாயைப் பயந்தாங்கொள்ளி என்று முதலியார்பேட்டையில் யாரும் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை. கடையைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிற மனிதரை வேறு என்னவென்று சொல்வது? கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்க அவர் மூன்றாம் முறையாகப் படுக்கையை விட்டு எழும்போது, அவர் மனைவி ஜஹபர் நிஷா, "அந்த சிலிண்டரத் தூக்கித் தலமாட்டுலயே வச்சிக்குங்களேன்" என்பாள். பாய் சிரிக்க மாட்டார். அதில் என்ன ஆபத்து வரும் என்று யோசிப்பார்.

இத்தனைக்கும் அந்தப் பயம்தான் அவருக்குத் தொழிலைக் கொடுத்தது. பத்தொன்பது வயதில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த மாதமே, பக்கத்து லேத்தில் இரும்பை இறுக்கிவிட்டு யாரோ எடுக்க மறந்த சாவி சுழன்று தெறித்து, அவர் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. காது பிழைத்தது. ஆனால் அன்றைக்கு உள்ளே நுழைந்த நடுக்கம் ஐம்பது வயதாகியும் வெளியே போகவில்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து எதையும் நம்ப மாட்டார். அளக்க வேண்டும், அளந்ததை எழுத வேண்டும், எழுதியதை இன்னொரு முறை அளந்து சரிபார்க்க வேண்டும்.

இப்போது வீட்டு வாசலிலேயே சொந்தப் பட்டறை. இஞ்சின் ஹெட் வேலை மட்டும்தான் செய்கிறார். இஞ்சினின் தலையில் மூடியாக உட்காருகிற அந்த ஹெட்டுக்குள்தான் காற்று போகிற பாதை இருக்கிறது. வார்ப்பில் வந்த மேடுபள்ளத்தைக் கிரைண்டரால் இழைத்துப் பாதையைத் திறந்துவிட்டால் இஞ்சின் நன்றாக மூச்சு வாங்கும், இழுவை கூடும், புகை குறையும். மற்ற மெக்கானிக்குகள் உள்ளே கட்டைவிரலை விட்டுத் தடவிப் பார்த்து, "போதும்" என்று சொல்லிவிடுவார்கள். பாய்க்கு அந்தத் தைரியம் கிடையாது. பாதையின் சுவருக்கு அந்தப் பக்கம் இஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் ஓடுகிறது. இழைப்பு கொஞ்சம் கூடிப்போனால் சுவர் பொத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்துவிடும். எவ்வளவு போதும் என்று தெரியாமல் கிரைண்டரைத் தொடவே அவருக்குக் கை வராது.

அதனால் காற்றை அளக்க அவரே ஒரு பெட்டி செய்துகொண்டார். ப்ளைவுட் பெட்டி, இடுப்பு உயரம். அடியில் வாக்குவம் கிளீனர் மோட்டார் நான்கு. மூன்று, காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பொறுக்கியவை. நான்காவது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற ஒரு சொல்தா வீட்டில், "எடுத்துக்கினு போப்பா, எடத்த அடைக்குது" என்று அந்த வீட்டம்மா தள்ளிவிட்டது. பெட்டியின் தலையில் ஹெட்டை வைத்து மோட்டாரைப் போட்டால், அதன் பாதை வழியாகப் பெட்டி காற்றை உறிஞ்சும். அளவு காட்ட, ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றுகிற ட்யூப் இரண்டு. ஒன்று நேராக நிற்கும். அதில் தண்ணீர் எப்போதும் ஒரே கோட்டில் நிற்கும்படி மோட்டாரைத் திருகி வைப்பார். இன்னொன்று பள்ளிக்கூட ஸ்கேலோடு சேர்ந்து சாய்ந்து கிடக்கும். அதில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதோ அதை வைத்துத்தான் காற்றின் கணக்கு. கண்ணுக்குத் தெரிவதற்காகத் தண்ணீரில் நாலு சொட்டுச் சிவப்பு மசி. மோட்டார் நான்கும் சேர்ந்து அலறினால் தெருவே எழுந்து உட்காரும் என்பதால், மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை போடுவதில்லை என்று அக்கம்பக்கத்தாரோடு ஒப்பந்தம்.

வேடிக்கையான பெட்டிதான். ஆனால் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார்கள். பாய் அளந்து கொடுத்தால் தப்பாது என்று பேர்.

நோன்பு மாதம் இரண்டாம் வாரத்தில் வீராம்பட்டினத்துக் கமலக்கண்ணன், தன் பைபர் படகின் ஹெட்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு சிலிண்டர் டீசல் இஞ்சின், கடல் தண்ணீரையே இழுத்துக் குளிர்கிற வகை.

"கரும்புகையா கக்குது பாய். லோடு ஏறுனா இழுக்க மாட்டேங்குது. வஞ்சிரம் பட்டுக்கினு இருக்குற நேரம். ரெண்டு நாள்ல குடுத்துடு" என்றார்.

திங்கட்கிழமை முதல் சிலிண்டரின் பாதையை இழைத்து முடித்தார் பாய். சாய்ந்த ட்யூபில் தண்ணீர் இருபத்திரண்டு சென்டிமீட்டர் ஏறியது. நோட்டில் எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலை இரண்டாவது பாதையையும் அதேபோல இழைத்துப் பெட்டியில் வைக்கும்போது, முழங்கை இடித்துச் சாய்ந்த ட்யூபில் இருந்த தண்ணீர் தரையில் கொட்டிவிட்டது. மசி பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டு வரவில்லை. மசிக்காகக் கடைக்குப் போக அலுப்பு. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்த கண் எரிந்தது. உள்ளே அடுப்படியில், நோன்பு திறக்க வாங்கி வைத்த ரோஸ் சர்பத் பாட்டில் நின்றது. சிவப்புதானே வேண்டும்? ஒரு பங்கு சர்பத், இரண்டு பங்கு தண்ணீர், கலக்கி ஊற்றிவிட்டார். விரலில் பட்டதைக்கூட, நோன்பாயிற்றே என்று நக்காமல் துணியில் துடைத்துக்கொண்டார்.

மோட்டாரைப் போட்டார். ட்யூப் இருபதுதான் காட்டியது. முதல் பாதையைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைவு. இரண்டு சிலிண்டரும் ஒரே அளவு மூச்சு வாங்கவில்லை என்றால் இஞ்சின் நொண்டும். எனவே பாதையின் மேல்சுவரில் கிரைண்டரை வைத்தார். இழைத்தார், அளந்தார். இருபதரை. மறுபடியும் இழைத்தார். மதியத் தொழுகைக்குப் பிறகும் அதே வேலை. மூன்றரை மணிக்குத்தான் இருபத்திரண்டு வந்தது. கமலக்கண்ணன் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

வழக்கமாக பாய் இந்த இடத்தில் முதல் பாதையைத் திரும்ப ஒரு முறை அளப்பார். பெட்டி நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்கிறதா என்று பார்க்காமல் எந்த ஹெட்டும் அவர் பட்டறையை விட்டுப் போனதில்லை. அரைமணி நேர வேலை.

"நீ செஞ்சா செஞ்சதுதான் பாய். இன்னிக்கே மாட்டுனாத்தான் விடியகால கடலுக்குப் போவ முடியும்" என்றார் கமலக்கண்ணன், சாக்கை விரித்துக்கொண்டே.

பாய்க்குத் தாகம், தலைவலி. கொடுத்தனுப்பிவிட்டார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பட்டறையைத் திறந்தார். ஜன்னலிலிருந்து இறங்கி, ப்ளைவுட் விளிம்போடு ஊர்ந்து, சாய்ந்த ட்யூபின் திறந்த வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது எறும்பு வரிசை. நாலைந்து உள்ளே மிதந்தன. "சனியன்" என்று துணியை எடுத்துத் தட்டப் போனவரின் கை அப்படியே நின்றது.

சர்க்கரை.

சர்க்கரை கரைந்த தண்ணீர் கனம். கனமான தண்ணீரை அதே காற்றால் அதே உயரத்துக்குத் தூக்க முடியாது. அப்போதும் அளக்காமல் நம்ப மனசு வரவில்லை. ஒரு மருந்து பாட்டிலில் கோடு வரை நூறு மில்லி தண்ணீர் பிடித்துக்கொண்டு பக்கத்து மளிகைக்கடைக்கு ஓடி, எலக்ட்ரானிக் தராசில் வைத்தார். பாட்டிலின் எடை போக நூறு கிராம். கொட்டிவிட்டு, சர்பத்தும் தண்ணீரும் முந்தின நாள் கலந்த அதே கணக்கில் கலந்து, அதே கோடு வரை ஊற்றி வைத்தார். நூற்றுப்பத்து.

மளிகைக்கடைக்காரர், "இன்னா பாய், சர்பத்த எட போட்டு விக்கப் போறியா?" என்று சிரித்தார். பாய் பாட்டிலைத் தூக்கி, மறுபடியும் தராசில் வைத்தார். அதே நூற்றுப்பத்து.

கணக்குப் போடப் பேனாகூட வேண்டியிருக்கவில்லை. இருபதோடு பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் இருபத்திரண்டு. வெறும் தண்ணீராக இருந்திருந்தால் அந்தப் பாதை முதல் அளவிலேயே இருபத்திரண்டு காட்டியிருக்கும். அது ஆரம்பத்திலேயே சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நாள் பூராவும் அவர் இழைத்தது அத்தனையும் வீண். இழைத்த இடம் மேல்சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் கடல் தண்ணீர். அந்த ஹெட் இந்நேரம் கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி ஓடிக்கொண்டிருக்கிறதோ.

சுவரில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கும்? மூன்று மில்லிமீட்டரா, ஒன்றா, அதுவும் இல்லையா? வாழ்நாளெல்லாம் அளந்த மனிதருக்கு அன்றைக்குத் தேவைப்பட்ட ஒரே அளவு தெரியவில்லை.

வண்டியை எடுத்தார். "வெயில்ல எங்க கெளம்பிட்டீங்க?" என்று ஜஹபர் நிஷா கேட்டது காதில் விழுந்தது. பதில் சொன்னாரா என்பது அவருக்கு ஞாபகம் இல்லை.

அரியாங்குப்பத்தில் வீராம்பட்டினத்துக்குத் திரும்புகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். அங்கே அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. கடலில் இஞ்சின் நிற்பது அதிசயமில்லை. நின்றால் உப்பு அரித்தது என்பார்கள், பழைய இஞ்சின் என்பார்கள். சர்பத்தைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. பேசாமல் திரும்பிப் போய் ட்யூபைக் கழுவி வைத்துவிட்டால் முடிந்தது. இப்படி ஒரு நினைப்பு தனக்குள் வந்ததே என்று, கடலுக்குப் பயந்ததைவிட அதிகமாகத் தனக்குத் தானே பயந்துபோனார். "யா அல்லாஹ்" என்று சத்தமாகவே சொல்லி வண்டியை வீராம்பட்டினம் பக்கம் திருப்பினார்.

ஆற்றங்கரையில் கமலக்கண்ணனின் மனைவி அஞ்சலாட்சி, மற்ற பெண்களோடு கூடையை வைத்துக்கொண்டு படகுக்காகக் காத்திருந்தாள். பாயைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வா பாய். விடியகால மூணு மணிக்கே கெளம்பிட்டாங்க. எந்தம்பி முகிலனும் கூடப் போயிருக்கான். புது இஞ்சின் மாதிரி இருக்குதாம்."

"போன் போடும்மா" என்றார் பாய்.

"ரொம்ப தூரம் போயிருப்பாங்க, கெடைக்காது. இன்னா வெஷயம்?"

சொல்ல வாயைத் திறந்தார். எல்லாம் ஒன்றாகக் கொட்டியது. எறும்பு, சர்பத், சுவர், தண்ணீர். அவளுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் கடைசியாகச் சொன்னது நன்றாகவே புரிந்தது.

"செவுரு ஒடைஞ்சா கடல் தண்ணி இஞ்சினுக்குள்ள போயிடும். போனா நின்னுடும். திரும்ப ஸ்டார்ட் ஆவாது. தப்பு என்னுதுதாம்மா."

சிரிப்பு அவள் முகத்திலிருந்து மெதுவாகத்தான் போனது. சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவன் பாயின் சட்டையைப் பிடித்தான். பாய் கையை உயர்த்தக்கூட இல்லை, அடி விழுந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் போலிருந்தது.

"சட்டைய வுடுடா" என்றாள் அஞ்சலாட்சி. "இவரு வந்து சொல்லலன்னா நமக்குத் தெரியுமா?" பிறகு பாயைப் பார்த்துச் சொன்னாள்: "ஆனா அவங்க ரெண்டு பேரும் கரைக்கு வர்ற வரைக்கும் நீ இங்கேருந்து நவுரக் கூடாது."

அப்போதுதான் கரைக்கு வந்திருந்த ராமலிங்கத்தின் படகில் வயர்லெஸ் இருந்தது. அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கால்மணி நேரம் கழித்து இரைச்சலுக்கு நடுவில் கமலக்கண்ணனின் குரல் வந்தது. ராமலிங்கம் விஷயத்தைச் சொன்னார். முறுக்காதே, மெதுவாகவே ஓட்டிக்கொண்டு கரைக்கு வா என்று பாய் சொல்வதாகச் சொன்னார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"குதுர மாதிரி ஓடுதுன்னு சொல்லு பாய்கிட்ட! அந்தாளு பயந்து பயந்தே சாவான். வலைய எடுத்துட்டு வர்றோம்."

அத்தோடு இரைச்சல் மட்டும்தான். அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் பதில் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய படகு. பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக ஆற்று முகத்துவாரத்துக்குள் நுழைந்தன. அங்கே மணல் தூர்ந்து, அலை உயரமாக எழுந்து உடைகிறது. நல்ல இஞ்சின் இருக்கிறவர்களே அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு, பின்னால் பார்த்தபடி வருவார்கள். ஒவ்வொரு படகு தெரியும்போதும் அஞ்சலாட்சி எழுந்து நிற்பாள். நிறத்தைப் பார்த்துவிட்டு உட்காருவாள். அன்றைக்கு அவள் மீன் விற்கப் போகவில்லை. பாயைத் திட்டவும் இல்லை. திட்டினால் தேவலை என்று அவர் ஏங்கினார்.

துண்டை மணலில் விரித்து மதியத் தொழுகைக்கு நின்றார். எத்தனை ரக்அத் தொழுதோம் என்று இரண்டு முறை மறந்துபோய், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். உள்ளங்கையில் வேர்த்து வேர்த்து மணல் அப்பிக்கொண்டது. கண்ணை மூடினால் ஹெட்டின் அந்தச் சுவர்தான் தெரிந்தது, தான் இழைக்க இழைக்க மெலிந்துகொண்டே போவதாக. அதற்குப் பின்னால் கமலக்கண்ணனும், மூக்குத் தண்ணி வற்றாத சின்னப் பிள்ளையாக அவர் பார்க்க வளர்ந்த முகிலனும். முகிலனுக்கு நீந்தத் தெரியும்தான். ஆனால் எவ்வளவு தூரம்?

"அவனுக்கு வைகாசில கல்யாணம்" என்றாள் அஞ்சலாட்சி திடீரென்று, கடலைப் பார்த்தபடியே. பாய்க்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

நாலு மணிக்கு மேல் முகத்துவாரத்துக்கு வெளியே பச்சை நிறப் படகு ஒன்று தெரிந்தது. அஞ்சலாட்சி எழுந்தாள். இந்த முறை உட்காரவில்லை. படகு அலைகளுக்கு நடுவே மறைந்தது, தெரிந்தது, மறுபடியும் மறைந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டார். கரையில் யாரோ "யம்மா!" என்று கத்தினார்கள். பிறகு இஞ்சின் சத்தம் கேட்டது. இரண்டு சிலிண்டரும் அடிக்கிற, பிசிறில்லாத சத்தம். கண்ணைத் திறந்தபோது படகு ஆற்றுக்குள் இருந்தது. போன உயிர் அவருக்கு முழுசாகத் திரும்பி வரவில்லை, பாதிதான் வந்தது.

கமலக்கண்ணன் குதித்து இறங்கினார். பெட்டி நிறைய வஞ்சிரம். "பாத்தியா பாய்? வல நெறைய மீனு, எடுக்கவே நேரமாயிடுச்சி. வயர்லெஸ்ஸு பேட்டரிதான் போயிடுச்சி, உன் இஞ்சின் போவல. இன்னிக்கித்தான் இஞ்சின் இஞ்சினா ஓடுது!"

"ஹெட்டக் கழட்டு" என்றார் பாய்.

"வெளையாடாத பாய். நாளைக்கும் மீன் இருக்குது. ஓடுறதப் போய்க் கழட்டுவாங்களா?"

அஞ்சலாட்சி தண்ணீரில் இறங்கிப் போய், படகுக்குள் கிடந்த ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "பாய் பாத்து சொல்ற வரைக்கும் இது எங்கிட்டதான் இருக்கும். காத்தாலேருந்து நான் ஒக்காந்த மாதிரி நீ ஒக்காந்து பாத்திருந்தீனா தெரியும்."

முகிலன் ஸ்பேனரைக் கொண்டுவந்தான். சூடு ஆறாத நட்டுகளைப் பாய் தன் கையாலேயே கழற்றினார். ஹெட்டைத் தூக்கி மணலில் சாக்கின் மேல் வைத்து, இரண்டாவது பாதையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். மேல்சுவர் வழவழவென்று மின்னியது. தன் வேலை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அந்த நேரத்திலும் அவர் கண் பார்த்துத் தொலைத்தது. சட்டைப் பையிலிருந்து கோடு கீறுகிற எஃகு ஊசியை எடுத்தார். முதலில் ஓர் இடத்தில் அழுத்தினார். இரும்பு இரும்பாகவே இருந்தது. இன்னும் அரை விரல்கடை உள்ளே தள்ளி அழுத்தினார். நின்றது. மூன்றாவது இடத்தில் அழுத்தினார். முட்டை ஓட்டில் குத்தினாற்போல் ஊசி உள்ளே போய்விட்டது.

எடுத்தபோது கடுகளவு துளை. உள்ளேயிருந்து துருநிறத் தண்ணீர், இன்னும் வெதுவெதுப்பாக, அவர் உள்ளங்கையில் சொட்டியது.

கமலக்கண்ணன் குனிந்து அந்தத் துளையில் விரல் வைத்துப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பெல்லாம் எங்கோ போயிருந்தது.

"பாய்" என்றார் மெதுவாக. "முகத்துவாரத்துல பின்னாலேருந்து ஒரு அலை எழும்பிச்சி. பனமரம் ஒசரம். மெதுவா வா, முறுக்காதன்னு நீ சொல்லி அனுப்புனது காதுலயே இருந்துச்சி. ஆக்சிலேட்டர்லேருந்து கைய எடுத்துட்டேன்கூட. அப்பறம், பாய் அளந்து குடுத்த ஹெட்டாச்சே, எங்க போயிடும்னு முழுசா முறுக்கி, அலை மேல வந்து ஒடையறதுக்குள்ள ஏறி வந்தேன். நீ சொன்ன மாதிரி மெதுவா வந்திருந்தா அங்கயே கவுந்திருப்போம்."

பாய் ஹெட்டுக்குப் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து அவர் இந்தத் துளையை நினைத்துத்தான் பயந்தார். சுவருக்கு, தண்ணீருக்கு, கடலுக்கு, தன் கைக்கு, எல்லாவற்றுக்கும் பயந்தார். தான் சொல்லி அனுப்பிய எச்சரிக்கைக்குப் பயப்பட வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் தப்பாக அளந்ததைக் கமலக்கண்ணன் நம்பியிருக்கிறார், சரியாகச் சொன்னதை நம்பவில்லை. இரண்டு பேரும் உயிரோடு நிற்பது அதனால்தான்.

அவர் உடம்பு உதறுவதைப் பார்த்து அஞ்சலாட்சி ஹேண்டிலைக் கீழே போட்டுவிட்டு வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். உதறல் நிற்க வெகு நேரமானது.